பாட்டிக்காக அம்மா வரைந்த லயம்

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் படம் ஓராண்டுக்கு மேல் தரையிலேயே சாய்ந்து கிடந்தது. சட்டம் போட்டாகிவிட்டது. கண்ணாடி போட்டாகிவிட்டது. தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணியும் அடித்தாகிவிட்டது. அம்மாதான் மாட்ட விடவில்லை.

"இது எங்கம்மா இல்லம்மா. யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பொம்பள" என்பார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பாட்டிக்கு இருந்த ஒரே தெளிவான படம் அடையாள அட்டையில் இருந்ததுதான். அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். அங்கிருந்த தம்பி முகத்தை மட்டும் வெட்டி, நீலப் பட்டுச்சேலை கட்டிய ஓர் உடம்பின்மேல் ஒட்டி, காதில் ஜிமிக்கி போட்டு, முகத்துச் சுருக்கங்களைத் துடைத்து, பின்னால் வெள்ளை மேகங்களை வைத்துக் கொடுத்தார். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பாட்டி வாழ்நாளில் நீலப் பட்டு கட்டியதில்லை. கோலா தெர்லா குளிருக்குச் சேலைக்கு மேல் ஓர் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் முக்காடாக ஒரு துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். எங்களுக்குத் தெரிந்த பாட்டி அவர்தான்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களில் பலர் கோலா தெர்லாவைக் காரில் கடந்திருப்பார்கள்; இறங்கியிருக்க மாட்டார்கள். சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் முதலில் கம்போங் ராஜா, அடுத்து கோலா தெர்லா, பிறகு திரிங்காப், கீ ஃபார்ம், பிரிஞ்சாங். பயணிகள் வண்டியை நிறுத்துவது ஸ்ட்ராபெரி விற்கும் இடத்தில்தான். கோலா என்றால் ஆறு வந்து சேரும் இடம். ஒருபக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அந்தத் தேயிலைச் சரிவில் பாட்டி 38 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். முதலில் விரலால், பிறகு பெட்டி வைத்த கத்தரியால். இயந்திரம் வந்தபோது ஓய்வு வயதும் வந்துவிட்டது.

2021 ஜூலையில் பாட்டி தமது 84ஆவது வயதில் தூக்கத்தில் இறந்துபோனார். மாநிலம் கடந்து பயணம் செய்யத் தடை இருந்த காலம். சாவு வீட்டுக்குப் போலீஸ் அனுமதி வாங்கிப் போகலாம் என்றாலும் அம்மாவால் முடியவில்லை. அவருக்கே கோவிட் தொற்றி, வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார். மாமா புலனத்தில் காட்டினார். மலையில் லைன் விட்டுவிட்டு வந்தது. ஒரு நொடி பாட்டியின் கால், அடுத்து முகக்கவசம் போட்ட நாலு பேரின் முதுகு, அடுத்து ஈர மண். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழ ஒருவரும் இல்லை. அம்மா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அக்டோபர் 11ஆம் தேதி மாநில எல்லைகள் திறந்தன. அந்த வாரமே மலைக்குப் போனோம். தோட்டத்து இடுகாட்டில் மண்மேடு சற்று அமுங்கியிருந்தது. அம்மா மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழவில்லை. திரும்பும் வழியில், "லயத்தப் பாக்கணும்" என்றார். பாட்டி வாழ்ந்த லயம் சில ஆண்டுகளுக்கு முன்பே இடிந்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் யாரோ கோஸ் போட்டிருந்தார்கள். அம்மா பத்து நிமிடம் கோஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஓராண்டில்தான் நான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குக் கணக்காளர் வேலை. ஓவியம், சிற்பம் ஒன்றும் தெரியாது. இறந்தவர்களுக்காக மனிதர்கள் எதையாவது செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள் என்பது மட்டும் படிக்கப் படிக்கப் புரிந்தது. பாட்டு, கல், துணி, படம். செய்தவர்களில் பாதிப் பேருக்குக் கலைஞர் என்ற பெயரே கிடையாது.

ஒப்பாரி தெரிந்த பாட்டிகள்

நம்மிடம் முதலில் இருந்தது ஒப்பாரி. அதை நாம் அழுகை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது அந்த இடத்திலேயே கட்டப்படும் பாட்டு. எங்கள் பாட்டி நன்றாகக் கட்டுவார் என்று தோட்டத்தில் பெயர். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் இழுத்து முடிப்பார்கள். எடுத்த எடுப்பிலேயே இத்தனை வரிகள் எப்படி வருகின்றன என்று சின்ன வயதில் எனக்கு வியப்பாக இருக்கும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வரியைப் பாடிவிட்டு, அடுத்த வரியில் அதே சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார்கள். முதல் வரியில் தங்கம் என்றால் அடுத்ததில் வெள்ளி. முதலில் வாசல் என்றால் அடுத்ததில் முற்றம். அந்த இரண்டாவது வரி ஓடும் நேரத்தில் மூன்றாவது வரி மனத்தில் தயாராகிவிடும். மூச்சு வாங்கும் இடத்தில் வரும் விம்மல் தாளமாகவும் ஆகிவிடும்.

சட்டம் பழசு. உள்ளே வைப்பது புதுசு. எங்கள் தோட்டத்தில் ஒரு கிழவர் இறந்தபோது, அவருடைய ஓட்டைச் சைக்கிளையும் ஆறு மணிச் சங்கையும் பாட்டி ஒப்பாரியில் கொண்டுவந்ததை மாமா இன்றும் சொல்வார். செத்தவரைப் பற்றிப் பொதுவாகப் புகழ்ந்தால் யாருக்கும் அழுகை வராதாம். அந்தச் சைக்கிளின் பெயர் வந்ததும் எல்லாருக்கும் உடைந்துவிட்டதாம்.

நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி போன்ற சிலர் தோட்டத்துப் பெண்கள் பாடியவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்ற நூலின் பெயரே அவர் எதைத் தேடிப் போனார் என்று சொல்லிவிடும். ஆனாலும் பாடியவர்களில் பெரும்பாலோர் பாட்டோடு போய்விட்டார்கள். எங்கள் பாட்டியின் ஒப்பாரியில் ஒரு நிமிடம்கூடப் பதிவாகி எங்களிடம் இல்லை. கல்யாணத்தில் ஆடியதற்கு மூன்று மணி நேர வீடியோ இருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒப்பாரி பாடச் சொன்னால், நல்ல நாளில் வாயைக் கட்டு என்று வைவார். அதனால் கேட்கவும் பயம்.

இசபெல் கிளார்க்-டிசெஸ் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டுத் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரி பாடும் பெண்களோடு இருந்து ஆய்வு செய்தவர். 2005-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை'. தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. படித்தால் விஷயம் வேறு. சாவு வீட்டில் பெண்கள் தங்கள் தங்கள் குறையைத்தான் பாடுகிறார்கள் என்கிறார். தாய்வீட்டுச் சீர் நின்றது, புருஷன் அடித்தது, பிள்ளை கவனிக்காதது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாதவளுக்கு அன்று மட்டும் ஊர் நடுவில் உட்கார்ந்து பாட உரிமை உண்டு. செத்தவர் அதற்கு ஒரு வாசல். என் பாட்டி ஏன் தூரத்துச் சொந்தக்காரர் சாவுக்குக்கூட அப்படிப் பாடினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த உரிமை இன்று மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. மின்சுடலையில் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். தாமான் வீடுகளில் சுவருக்குச் சுவர் பக்கத்து வீடு. சத்தம் போட்டு அழுதால் பிள்ளைகளுக்குக் கூச்சம். நானும்தான் கூச்சப்பட்டிருக்கிறேன், ஒரு பெரியம்மாவின் சாவில், அலுவலக நண்பர்கள் வந்திருந்தபோது.

உடல் இல்லாத சாவு

பாட்டிக்கே ஒரு பாடாத ஒப்பாரி இருந்தது. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பேராவில் ஒரு கித்தாத் தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. சண்டை முடிந்தபின் பாட்டியின் அம்மா இரண்டு பிள்ளைகளோடு உறவுக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு மலைக்கு ஏறிவந்தார். கடைசிவரை அவர் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே என்பாராம்.

சயாம் பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களைக் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. புல்வெளி, பூச்செடி, கல்லில் பெயரும் வயதும். நம்மவர்களுக்குக் கல் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அதே ஊரில் ஒரு புத்த விகாரையில், எலும்புகளைச் சேர்த்து வைத்த ஒரு தூபி மட்டும் இருக்கிறது.

கல் இல்லாத இடத்தில் எழுத்து வந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வந்தது. அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு வைத்த பெயர் 'நினைவுச்சின்னம்'. பொருத்தமான பெயர், பல குடும்பங்களுக்கு அந்த நூல்தான் சின்னம். பிறகு அண்மை ஆண்டுகளில், அந்த விகாரை வளாகத்திலேயே தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல்லும் நட்டார்கள்.

நடுகல் என்ற சொல்லைப் பள்ளியில் படித்துவிட்டு மறந்திருப்போம். இறந்தவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது: கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்தில் இறந்தவரின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதும், அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியதும் புறநானூற்றில் கையறுநிலையாக நிற்கின்றன. கையறுநிலை என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலை. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது பாட்டு செய்திருக்கிறார்கள்.

அடையாள அட்டை முகம்

மறுபடியும் அந்தப் படத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் மாலை போட்டுத் தொங்கும் பழைய படங்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் ஒரே முகபாவம் இருக்கும். நேராகப் பார்க்கும் கண், இறுகிய உதடு, கொஞ்சம் பயம். அது அடையாள அட்டைக்கு எடுத்த முகம். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-இல்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படத்துடன் அடையாள அட்டை கட்டாயமானது. கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களைப் பிரித்துப் பார்க்க அரசாங்கம் செய்த ஏற்பாடு. பல தோட்டத் தொழிலாளர்களுக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். போலீஸ் பார்ப்பதற்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமியாக்கி வைத்திருக்கிறோம்.

முன்பெல்லாம் அதைப் பார்த்துக் கையால் வரைந்து கொடுப்பவர்கள் இருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். வெற்று நெற்றிக்குப் பொட்டு வைப்பார்கள், காதுக்குத் தோடு போடுவார்கள். தமிழ்நாட்டில் இறந்தவரையே நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பத்தோடு படம் எடுத்த காலமும் உண்டு. அப்படிப்பட்ட பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அதனால், முகத்தை ஒட்டிக் கொடுத்த அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவரும் நீண்டதொரு வரிசையில் வந்தவர்தான். இல்லாத பட்டுச்சேலையைச் செத்தபிறகாவது கட்டிப் பார்க்கும் ஆசை நம்முடையது.

ஆனால் அம்மாவுக்கு அது உதவவில்லை. துடைத்துவிட்ட சுருக்கங்களில்தான் அவருடைய அம்மா இருந்தார்.

ஒரு தாய், பதினெட்டு ஆண்டுகள்

இந்த இடத்தில் தூரத்து ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் முதல் உலகப் போருக்குத் தானாக முன்வந்து போனான். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். வயது 18. அப்பா தயங்கியபோது, பையனை விடுங்கள் என்று பரிந்து பேசியவர் அம்மாதான். அந்தக் குற்றவுணர்வு அவரை விடவில்லை. அந்த ஆண்டிலேயே மகனுக்கு ஒரு சிலை செய்யத் தொடங்கினார். முதலில் நினைத்தது, கிடக்கும் மகன், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. சரியாக வரவில்லை. 1919-இல் அப்படியே நிறுத்திவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தார். மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். முழங்காலிட்ட அப்பாவும் அம்மாவும் மட்டும், தனித்தனிக் கல்லில், தன் முகமும் தன் கணவர் முகமுமாக. 1932-இல்தான் அது மகன் புதைந்த மயானத்தில் வைக்கப்பட்டது. மகன் வாழ்ந்தது 18 ஆண்டுகள். சிலை முடியவும் 18 ஆண்டுகள்.

ஐரோப்பாவின் பெரிய சிற்பிக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்று படித்தபிறகுதான், ஓராண்டாகியும் ஆணியில் ஏறாத படத்தைப் பற்றி நான் அம்மாவை நச்சரிப்பதை நிறுத்தினேன். அவர் கடைசியில் செதுக்கியதும் இருப்பவர்களைத்தான். தென்னார்க்காட்டுப் பெண்கள் பாடியதும் அதைத்தான்.

மேல்நாட்டு உளவியலில் ஒரு காலத்தில், இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்லப் பிரித்தெடுத்தால்தான் துக்கம் தீரும் என்று சொன்னார்கள். ஃப்ராய்ட் 1917-இல் எழுதியதிலிருந்து வந்த எண்ணம். 1996-இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் என்ற மூவர் தொகுத்த நூல் அதை மறுத்தது. உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, வேறு வடிவில் தொடரலாம் என்றது. ஆடி அமாவாசைக்குத் தாத்தாவுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை மறுநாளாவது சமைத்து வைக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இதற்கு நூல் தேவையில்லை. இருந்தாலும் நூலில் பார்க்கும்போது ஒரு திருப்தி.

காலண்டர் தாளின் பின்பக்கம்

தோழி ஒருத்தி வீட்டில் ஒரு புத்தகம் பார்த்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் தாமோதரம்பிள்ளை சனாதனன் என்ற ஓவியர் 2011-இல் வெளியிட்டது. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து இலங்கையில் நிலத்தையும் உடைமையையும் பதிந்துவைத்த பேரேடு. போரில் வீட்டை விட்டு ஓடிய வட இலங்கைத் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுங்கள். 80 வீடுகள். அவர்கள் வரைந்த கோணல் கோடு ஒன்று, அதைக் கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தது ஒன்று, பிறகு ஓவியர் தாமே வரைந்தது ஒன்று. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எங்கே. படம் வரையத் தெரியாதவர்கள் வரைந்த கோடுகள்தான் எனக்கு அதிகம் பிடித்தன.

அன்று இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "லயம் எப்படிம்மா இருந்துச்சு? வரைஞ்சு காட்டுங்களேன்" என்றேன்.

"எனக்கு என்னா வரையத் தெரியும்?"

பழைய மாதக் காலண்டரின் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தேன். பேனாவும் வைத்தேன். முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் தாளின் நடுவில் ஓர் அடுப்பு. அடுப்பு மட்டும்தான். தாளில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ பெரிய அடுப்பா?"

"குளுருல எல்லாரும் அங்கதானே இருப்போம்."

அதற்குப் பிறகு ஒரு வாரம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், பாட்டி உட்காரும் பலகை. முன்னறை தீப்பெட்டி அளவு. வாசல் திண்ணை நீளமாகப் போனது, ஏனென்றால் அது எல்லா வீட்டுக்கும் பொது. பிறகு பக்கத்து வீடுகள், ஒவ்வொன்றிலும் அம்மா ஒரு பெயர் எழுதினார். எனக்குத் தெரியாத பெயர்கள். அடைப்புக்குள் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதும் எழுதினார், நான் கேட்காமலே. தண்ணீர்க் குழாய், அதில் காலையில் விரல் மரத்துப்போகும். விறகு அடுக்கும் இடம். கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. தாளில் இடம் போதாமல் இன்னொரு காலண்டர் தாளை ஒட்டினோம்.

கதவுக்குப் பின்னால் கூடை மாட்டும் ஆணியை வரைந்த அன்றுதான் அது நடந்தது. நான் சமையலறையில் இருந்தேன். முதலில் அம்மா ஏதோ முணுமுணுக்கிறார் என்று நினைத்தேன். பிறகு குரல் மேலே ஏறியது. அம்மா ஒப்பாரி பாடி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கூடையைக் கேட்டார். ஆணியைக் கேட்டார். ஈர ஸ்வெட்டரை அடுப்பு மேல் காயப்போட்ட கயிற்றைக் கேட்டார். ஒரு வரி, அடுத்து அதே வரியில் ஒரு சொல் மாற்றம். பாட்டியின் சட்டம் அப்படியே வந்தது. நடுவில் பாட்டியின் அப்பாவும் வந்தார், சயாமிலிருந்து. போனில் விட்டுவிட்டு வந்த அந்த ஈர மண்ணும் வந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பாடத் தெரியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி சத்தம் கேட்டுப் பயந்து கேட்டைத் தட்டினார். என்ன நடந்தது என்று நான் மலாயில் சொன்னேன். செத்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதே என்று குழம்பினாலும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா முடிக்கும்வரை இருந்துவிட்டு, தம் அம்மா ஈப்போவில் இறந்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

வாசகர்களில் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தாளை வையுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்று இல்லை. பழைய படங்களின் பின்பக்கம் யார், எந்தத் தோட்டம் என்று பென்சிலில் எழுதுங்கள். பாடச் சொல்லி வையப்பட்டாலும் கைப்பேசியை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வைக்கவில்லை. அன்று அம்மா பாடியதையும் பதியவில்லை. கை அவர் தோளில் இருந்தது.

இப்போது கூடத்தில் அந்த ஆணியில் லயம் தொங்குகிறது, கண்ணாடி போட்டு. அதன் மூலையில் அடையாள அட்டையில் இருந்த படத்தையே, பெரிதாக்காமல், சுருக்கத்தோடு ஒட்டியிருக்கிறோம். நீலப் பட்டுப் படம் அலமாரிக்குப் பின்னால். அதை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை.

போன தீபாவளிக்கு மாமா மலையிலிருந்து கோஸும் சௌசௌவும் ஒரு மூட்டை கொண்டுவந்தார். படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அக்கா, சௌசௌப் பந்தல் தப்பான பக்கம் இருக்கு. குழாய்ப் பக்கம்தானே இருந்துச்சு" என்றார்.

"ஒனக்கு அப்ப நாலு வயசுடா. ஒனக்கு என்னா தெரியும்?"

"நான்தானே அதுல ஏறி விழுந்து கைய ஒடச்சேன்!"

சாப்பாடு ஆறும்வரை சண்டை. கடைசியில் மாமா சட்டத்தைக் கழற்றி, பேனாவை எடுத்து, குழாய்க்குப் பக்கத்திலும் ஒரு பந்தலை வரைந்துவிட்டார். அம்மா தமது பந்தலை அழிக்க விடவில்லை. இரண்டும் இருக்கின்றன.